மேடையிலிருந்து பார்த்த ரிலே

"டேப்பைக் குடுங்க மாஸ்டர்."

"குடுக்க மாட்டேன் மேடம். இன்னிக்கு நீங்க..."

"இன்னிக்கு என்ன, எனக்குக் கை கால் விளங்காமப் போச்சா?"

"...விழா நாயகி. விழா நாயகி சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிட்டு நின்னா பாக்கறவங்க என்ன..."

"பாக்கறவங்க மத்தியானம்தான் வருவாங்க. இப்போ நீங்க, நான், அந்தக் காக்கா. மூணே பேர். குடுங்கன்னேன்!"

"முடியாதுன்னேன்!"

அளக்கும் டேப்பின் நுனி டைரக்டரம்மாவின் கையில் இருந்தது. அதன் சக்கரப் பெட்டி மாஸ்டரின் கையில். நடுவே டேப் விறைத்துக்கொண்டு நின்றது. மாஸ்டர் வாலிபத்தில் இரும்புக் குண்டு எறிந்தவர். இப்போது அந்தக் குண்டையே விழுங்கிவிட்டவர் போல் வயிறு முன்னால் வந்திருந்தது. மாணவர்கள் அவரைக் குண்டு மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடவே. அவரிடமிருந்து ஒரு பொருளைப் பிடுங்குவது ஆகிற காரியமில்லை. ஆனால் டைரக்டரம்மாவும் விடுகிற ஆள் இல்லை.

கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு அந்த அம்மாதான் டைரக்டர், மாஸ்டர் அவருக்குக் கீழே உதவியாளர். இந்தப் பருவம் முடிந்ததும் ஓய்வு. அதனால் இந்த ஆண்டு விளையாட்டு விழாவையும் அவருக்கான பாராட்டு விழாவையும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் வைத்துவிட்டார்கள். வம்பே அங்கேதான் தொடங்கியது. முந்தின நாள் மாலை பந்தல்காரர்கள் மேடையைக் கொண்டுவந்து போட்டதில், அதன் முன்பக்கம் ஓடுபாதையின் முடிவுக்கோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. மேடையை நகர்த்தச் சொன்னால் பந்தல்காரர்கள் முறைத்தார்கள். முதல்வர் வந்து பார்த்துவிட்டு, "மேடை இருக்கட்டும் மேடம். கோட்டை ஓடி வர்ற பக்கமா கொஞ்சம் முன்னால கொண்டு வந்துடுங்க, அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவ்வளவுதானேன்னு சொல்லிட்டார்" என்றார் டைரக்டரம்மா, டேப்பை இழுத்தபடி. "முடிவுக்கோடு நகர்ந்தா தொடக்கக் கோடு நகரணும். பேட்டன் மாத்தற எல்லைக்கோடு அத்தனையும் நகரணும். ஒண்ணை விட்டாலும் ரிலேயில ஓடற தூரம் குறைஞ்சு போயிடும். தூரம் குறைஞ்சா என்ன ஆகும்?"

"நேரம் செல்லாது. எனக்குத் தெரியாதா மேடம்?"

"நம்ம பொண்ணுங்களுக்கு இன்னிக்குத்தான் கடைசி வாய்ப்பு. தடகளச் சங்கத்து நடுவர்கள் முன்னால, அவங்க வச்ச தகுதி நேரத்துக்குள்ள ஓடிக் காட்டினாத்தான் பெரிய போட்டிக்குப் போக முடியும். அதுவாவது தெரியுமா?"

"அதைத்தான் தினமும் சொல்லிட்டிருக்கீங்களே. என் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்."

"அப்போ குடுங்க."

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல?"

"நீங்க பாத்துக்குவீங்க. யாரு அளப்பா?"

மாஸ்டரின் முகம் ஒரு கணம் சுண்டியது. இத்தனை வருடத்தில் டேப்பின் வெறும் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. எண்ணைப் படிப்பது டைரக்டரம்மா. இன்றைக்கு முதல்முறையாகப் பெட்டி அவர் கைக்கு வந்திருக்கிறது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து, "அடடா, மேடம்! இங்க என்ன பண்றீங்க?" என்று முதல்வரின் குரல் கேட்டது.

மாணவர்கள் முதல்வருக்கு வைத்த பெயர் கூட்ஸ் வண்டி. அவர் பேச ஆரம்பித்தால் கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுத்துட்டு, நல்லா உடுத்திக்கிட்டு வாங்க. இன்னிக்கு ஒரு சின்னப் பிரச்னைகூட மேடம் காதுல விழக்கூடாது. மாஸ்டர், இது என் உத்தரவு. எது நடந்தாலும் நீங்களே பாத்துக்கங்க. மேடம்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"சரிங்க சார்" என்றார் மாஸ்டர்.

டைரக்டரம்மா டேப்பின் நுனியை விட்டார். அது சர்ரென்று ஓடிப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது.

வீட்டில் அவர் படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார், சன்னல் வழியாகப் பார்த்தார். அங்கிருந்து மைதானம் தெரியாது, எதிர்வீட்டு மாடியில் காயும் துணிதான் தெரியும். இருந்தும் பார்த்தார்.

"உக்காரேன் கொஞ்சம்" என்றார் வீட்டுக்காரர், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"உக்காந்துட்டுதானே இருக்கேன்."

"உக்காந்துக்கிட்டே நடக்கறே."

"எல்லைக்கோடெல்லாம் நகர்த்தினாரான்னு தெரியலைங்க. காலையில கேட்டப்பவே மழுப்பினார்."

"போன் போட்டுக் கேளேன்."

"போட்டேன். எடுக்கல."

"எடுக்கலைன்னா வேலையில இருக்கார்னு அர்த்தம். உன் மாஸ்டர்தானே? உங்கிட்ட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவர். ஏதாவது கத்துக்கிட்டிருக்க மாட்டாரா?"

"என்னத்தைக் கத்துக்கிட்டார்? நுனியைப் பிடிக்கக் கத்துக்கிட்டார்."

"நீ எப்பவாவது பெட்டியைக் குடுத்தியா?"

டைரக்டரம்மா செருப்புப் பெட்டியைத் திறந்தார். நாத்தனார் வாங்கித் தந்த புதுச் செருப்பைக் காலில் மாட்டிப் பார்த்தார். குதிகால் உயரம். கான்வாஸ் ஷூவிலேயே வயதான கால் அது. இரண்டடி வைத்ததும் கோழி நடை நடந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு எப்படிங்க ஓடறது?"

"ஓடறதுக்கு இல்லடி அது, உக்கார்றதுக்கு. இன்னிக்கு ஒரு நாள் உக்காரு. ஊரே எழுந்து நின்னு உனக்குக் கை தட்டப் போகுது, நீ உக்காந்து வாங்கிக்கோ."

மத்தியானம் திரும்பி வந்தபோது மைதானம் முழுக்கத் தலைகள். மேடைக்குப் பின்பக்கமாகவே கூட்டிக்கொண்டு போய், நடு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மடியில் ஒரு பூங்கொத்து. அது வைக்கோல் கட்டு கனம் கனத்தது. பக்கத்தில் சிறப்பு விருந்தினர், ஏதோ ஒரு வாரியத்தின் தலைவி. பின்னாலிருந்த மரத்தின் கிளை ஒன்று அந்த அம்மாளின் கொண்டையை வருடிக்கொண்டே இருந்தது.

"இந்த மரம் எப்பவும் இவ்வளவு பக்கத்துலயா இருக்கும்?" என்று கேட்டார் தலைவி, கிளையைத் தள்ளியபடி.

"இவங்களுக்கு மேடை போடத் தெரியாதுங்க" என்றார் டைரக்டரம்மா. அவர் கண் வேறெங்கோ இருந்தது.

முடிவுக்கோட்டைப் பார்க்கலாம் என்றால் தெரியவில்லை. மேடைக்கு முன்னால் பூந்தொட்டிகள், அவற்றுக்கு முன்னால் கோப்பைகள் அடுக்கிய மேசை, அதற்கும் முன்னால் படம் பிடிப்பவர்கள் நாலைந்து பேர், முதுகைக் காட்டிக்கொண்டு. ஆனால் எதிர்ப்பக்க வளைவு பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது ஓட்டக்காரி கடைசி ஓட்டக்காரியிடம் பேட்டனைக் கொடுக்கும் இடம் அது. அங்கே இரண்டு மஞ்சள் கொடிகள் நட்டிருந்தார்கள்.

கொடி தண்ணீர்க் குழாய்க்கு நேரே நின்றது.

டைரக்டரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார். குழாய்க்கு நேரே என்பது பழைய இடம். தன் வீட்டு அடுக்களையில் உப்பு ஜாடி இருக்கும் இடம் தெரிவது போல அவருக்கு அந்த இடம் தெரியும். முடிவுக்கோடு ஓடி வரும் பக்கமாக நகர்ந்திருக்கிறது, கொடி நகரவே இல்லை. அப்படியென்றால் கடைசிப் பெண் ஓடும் தூரம் குறைச்சல். அவள் பறந்தே வந்தாலும் நேரம் செல்லாது. நடுவர் பிறகு அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்.

முதல்வர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"...தலைமை என்றால் என்ன? பதவியா? இல்லை. நாற்காலியா? இல்லை..."

டைரக்டரம்மா நாற்காலியில் நெளிந்தார். முதல் வரிசையில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக் கண்ணால் காட்டினார். அவர் புன்னகைத்தார். டைரக்டரம்மா கையைத் தொடைக்குப் பக்கத்தில் தாழ்த்தி, 'போங்க, மாஸ்டரைக் கூப்பிடுங்க' என்று விரலை ஆட்டினார். வீட்டுக்காரர் புரிந்துகொண்ட தோரணையில் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். டைரக்டரம்மாவுக்கு மூச்சு வந்தது. சற்று நேரத்தில் அவர் மேடை ஓரத்தில் வந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

"தண்ணி இல்லைங்க! மாஸ்டர்! மாஸ்டரைக் கூப்பிடுங்க!"

"என்னது, மாத்திரையா?"

"மாஸ்டர்!"

"இரு, கைப்பையில இருக்கும், கொண்டு வர்றேன்" என்று அவர் மறுபடியும் போய்விட்டார். வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டதற்கு இன்னொரு முறை வருந்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

"...இந்த மைதானம் ஒரு காலத்தில் உடைந்த பெஞ்சுகளைக் கொட்டும் இடம்" என்று முதல்வர் தொடர்ந்தார். "மேடம் வந்த முதல் வாரமே பெஞ்சுகளை மாணவிகளோடு சேர்ந்து தூக்கி என் அறை வாசலில் கொண்டு வந்து அடுக்கினார். நான் உள்ளே போக வழி இல்லை. அன்றைக்கே மைதானத்துக்கு அனுமதி கொடுத்தேன்!"

கூட்டம் சிரித்தது. அது பொய் இல்லை. அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. மகளை ஓட அனுப்ப மாட்டேன் என்ற தகப்பன்மார் வீட்டு வாசலில் டைரக்டரம்மா போய் நின்றதும் உண்மை.

"உங்க பொண்ணு ஓடினா என்ன குறைஞ்சுடும்?"

"ஓடிப் போயிடுவா."

"போகட்டும். மெடலோட திரும்பி வருவா. வரலைன்னா என்னைக் கேளுங்க."

அப்படிக் கேட்டு வாங்கி வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இன்று தங்கள் மகள்களோடு வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்திருப்பார். இன்று அவருக்கு மஞ்சள் கொடி மட்டும்தான் தெரிந்தது.

எழுந்தார். மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தார். அவர் எழுந்ததைக் கண்டதும் கூட்டம் மொத்தமும் எழுந்து கை தட்ட ஆரம்பித்தது. பாராட்டை ஏற்று வணங்க எழுந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். தட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். முதல்வரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டினார். என்ன செய்வது? டைரக்டரம்மா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்குக் கூச்ச சுபாவம் போல" என்றார் தலைவி.

"கூச்சமில்லைங்க. அங்க கோடு தப்பா இருக்கு."

"எங்க?"

"அந்தக் குழாய்க்கிட்ட."

தலைவி குழாயைப் பார்த்தார். "தண்ணி ஒழுகுதா?"

அந்தப் பக்கம் ரிலேக்கு நம் பெண்களும், அழைப்பின் பேரில் வந்த மற்றக் கல்லூரிப் பெண்களும் வந்து நிற்பது தெரிந்தது. ஓட்டத்தை முதல்வரின் பேச்சு முடிந்த பிறகு வைப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணுக்கே எட்டவில்லை, வெளிச்சமோ இறங்கிக்கொண்டிருந்தது. சங்கத்து நடுவர் கையை உதறிக்கொண்டு மாஸ்டரிடம் ஏதோ சொன்னார். மாஸ்டர் மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். டைரக்டரம்மா பூங்கொத்தை உயர்த்தி ஆட்டினார். மாஸ்டர் பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், எல்லாம் சரி என்று. பிறகு நடுவருக்குத் தலையாட்டினார்.

"...எனவே இன்று ஒரு நாள் மேடம் நம் விருந்தாளி. பொறுப்பு முழுவதும் மாஸ்டரிடம். மேடம் ஓய்வெடுக்கட்டும்!"

துப்பாக்கி வெடித்தது.

பெண்கள் புறப்பட்டார்கள். பேட்டன் முதல் முறை கை மாறியது. நம் பெண்கள் முன்னால். இரண்டாவது முறை சுத்தமாக, விரலில் ஒட்டிக்கொண்டு போனது போல மாறியது. இன்னும் முன்னால். டைரக்டரம்மா வாழ்நாளில் இவ்வளவு நல்ல ஓட்டத்தைப் பார்த்ததில்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. இந்த ஓட்டம் வீணாகப் போகிறதே! இப்போதே நிறுத்தினால், கோட்டைச் சரி செய்து, மூச்சு வாங்க விட்டு, வெளிச்சம் போவதற்குள் இன்னொரு முறை ஓட வைத்துவிடலாம். முடிந்துவிட்டால் கால்கள் தீர்ந்துபோகும்.

செருப்பை உதறினார். பூங்கொத்து உருண்டது. பூந்தொட்டிகளுக்கு இடையே குதித்து, கோப்பை மேசையைச் சுற்றி, படம் பிடிப்பவர்களை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வெறுங்காலோடு பாதைக்குப் போனார். கடைசி ஓட்டக்காரி சிட்டு, பேட்டனை வாங்கிக்கொண்டு வளைவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

"நில்லுங்க! நிறுத்துங்க! சிட்டு, நில்லு!"

சிட்டு நின்றாள்.

அந்தக் குரலுக்கு ஓடியும் நின்றும் பழகிய கால்கள் அவை. மூளையைக் கேட்காமலே நின்றுவிட்டன. அவள் மட்டும்தான் நின்றாள். மற்றக் கல்லூரிப் பெண்களுக்கு அந்தக் குரல் யாரோ ஒருத்தியின் குரல். அவர்கள் இரண்டு பக்கமும் காற்றாகக் கடந்து போய் ஓட்டத்தை முடித்தார்கள். கூட்டம் ஓ என்றது.

டைரக்டரம்மா குனிந்து பார்த்தார். காலடியில் முடிவுக்கோடு. வெள்ளை வெளேரென்று, பழைய இடத்திலேயே. பாதை ஓரத்தில் அவரே என்றோ பதித்து வைத்த இரும்பு முளைக்கு நேராக.

மாஸ்டர் இரைக்க இரைக்க ஓடி வந்தார்.

"என்ன மேடம் பண்ணிட்டீங்க? என்ன பண்ணிட்டீங்க?"

"கோடு... கோடு இங்கதான் இருக்கு?"

"இங்கதான் இருக்கு. வேற எங்க இருக்கும்? கோட்டை நான் தொடவே இல்ல. மேடையைத்தான் நகர்த்தினேன்."

"மேடையையா?"

"நீங்க போனதும் பந்தல்காரங்க காலைப் பிடிச்சேன். நாங்களே நாலு பேர் தோள் குடுத்து மரத்தோட ஒட்டித் தள்ளினோம். ஒரு கோட்டை நகர்த்தி எல்லாத்தையும் குழப்பறதுக்கு மேடையைத் தள்றது சுலபம்னு பட்டுது. அப்புறமும் திருப்பித் திருப்பி அளந்தேன், நீங்க வந்து கேப்பீங்கன்னு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு முதல்வர் உத்தரவு. நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

"நீங்க என்னைக்கு அவர் உத்தரவைக் கேட்டீங்க?"

"இன்னிக்குத்தான் மேடம், முதல் தடவை."

சிட்டு பேட்டனைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றாள். மற்ற மூன்று பெண்களும் புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். யாரும் அழவில்லை. என்ன செய்வது என்று டைரக்டரம்மா சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

நடுவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர்.

"என்னங்க இது? ஓடின நேரம் நல்ல நேரம். இன்னும் கொஞ்ச தூரம் வந்திருந்தா..."

"மறுபடி ஓட விடுங்க சார்" என்றார் மாஸ்டர். "வெளிச்சம் இன்னும் இருக்கு. அரை மணி நேரம் மூச்சு வாங்கட்டும்."

"விடலாம். வெளி ஆள் யாராவது பாதையில புகுந்து தடுத்தா, தடுபட்ட டீமுக்கு இன்னொரு ஓட்டம் குடுக்கலாம்னு விதி இருக்கு. ஆனா அந்த டீமோட டைரக்டரே கூப்பிட்டு நிறுத்தினா, போட்டியிலிருந்து விலகிக்கிட்டதாத்தான் அர்த்தம். அதுக்கு மறு ஓட்டம் கிடையாது."

"மேடம் இன்னிக்கு விருந்தாளி சார்! பொறுப்பு எங்கிட்ட இருக்கு. முதல்வர் மைக்குல சொன்னாரே, நீங்களும் கேட்டீங்களே!"

"மைக்குல ஆயிரம் சொல்வாங்க. இந்தாம்மா, நீ சொல்லு" என்று நடுவர் சிட்டுவின் பக்கம் திரும்பினார். "கூட்டத்துல வேற யாராவது நில்லுன்னு கத்தியிருந்தா நின்னிருப்பியா?"

"மாட்டேன் சார்."

"அப்போ ஏன் நின்னே?"

"மேடம் சொன்னாங்க."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயை மூடேண்டி" என்று பின்னால் நின்ற பெண் சிட்டுவின் முதுகில் குத்தினாள். மேடையில் முதல்வர் இன்னும் மைக்கை விடவில்லை. "மேடம் தயவுசெய்து மேடைக்கு வரவும், நினைவுக் கேடயம் காத்திருக்கிறது, மேடம் தயவுசெய்து..." என்று குரல் மைதானம் முழுக்க அலைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒரு கையில் மாத்திரை அட்டையும் மறு கையில் உயரக் குதிகால் செருப்புமாக ஓரத்தில் நின்றார்.

டைரக்டரம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார். வளைவில் கொடியின் நிழல் நீண்டு பாதையைத் தொட்டுவிட்டது.

நடுவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, டைரக்டரம்மாவுக்கு நேரே வந்து நின்றார்.

"உங்க வாயாலேயே சொல்லிடுங்கம்மா. இந்தப் பொண்ணுங்களுக்கு நீங்க டைரக்டரா, இல்ல வெளி ஆளா?"